விற்காதவரை கோடி

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் கோடீஸ்வரர் யார் என்று விசாரித்தால், ஒருத்தரும் தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்று வைத்தாலே 1 கோடியே 20 லட்சம். ஒரு காலத்தில் சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து மனை வாங்கிப் போட்டவர், இன்று பென்ஷனை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் கோடீஸ்வரர்.

அவர் செய்தது ஒன்றுதான்: விற்காமல் இருந்தார். மீதியை ஜி.எஸ்.டி. சாலையும் மின்சார ரயிலும் பார்த்துக்கொண்டன. 2021 நவம்பரில் பீர்க்கன்கரணைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. எல்லோர் வரிப்பணத்திலும் வந்த வசதி, மனைக்காரருக்கு லாபம். பக்கத்து போர்ஷனில் குடியிருப்பவருக்கு வாடகை உயர்வு. இதைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை.

ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பெருங்குடிப் பக்கம் கோடி வந்த வழி வேறு. கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனது. பங்கு 36 டாலர். இந்திய ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். முப்பது வயதைத் தாண்டாதவர்களும் அதில் பலர். சம்பளத்தைச் சேர்த்து வைத்து அந்த வயதில் அங்கே போயிருக்க முடியாது. கம்பெனியில் அவர்களுக்கும் பங்கு இருந்தது, அதுதான் விஷயம். ஆனால் அடுத்த வருஷமே அந்தப் பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. உரிய நேரத்தில் விற்றவருக்குப் பணம், வைத்திருந்தவருக்கு வயிற்றெரிச்சல்.

இருந்தாலும் ஷேர்காரருக்கு ஒரு சௌகரியம். பிள்ளையின் கல்லூரி ஃபீஸுக்கு நூறு ஷேரை மட்டும் விற்கலாம். மனைக்காரர் சமையலறையை மட்டும் விற்க முடியுமா? முழுசாக விற்கப் போனால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கூட்டுச் சொத்தானால் கையெழுத்துப் போட வேண்டிய அண்ணன் தம்பிகள். வாங்குபவர் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம் என்று சொல்லியே பேரம் பேசுவார். எல்லாம் முடிந்து வேறு வீடு தேடினால், அங்கேயும் இதே விலை.

அதனால்தான் பலர் ஜாயின்ட் வென்ச்சருக்குத் தலையாட்டுகிறார்கள். இடம் இவருடையது, கட்டுமானச் செலவு பில்டருடையது, பிளாட்டுகளில் ஆளுக்குப் பாதி. ஒன்றில் குடியிருந்து இன்னொன்றை வாடகைக்கு விட்ட பிறகுதான், இந்தக் கோடீஸ்வரர் கையில் மாசாமாசம் காசு புழங்குகிறது.