கடைசி ஊர் தாம்பரம்

மாசக்கணக்குல முதுகுல பையோட சுத்தின ஒரு நண்பர் உங்களுக்கு இருக்கார்னு வெச்சுக்கோங்க. லடாக்ல ஆரம்பிச்சு, ராஜஸ்தான், கோவா, கேரளான்னு இறங்கி வந்து, ராமேஸ்வரத்துல நின்னுக்கிட்டு ஒரு மெசேஜ் போடுறார்: "கடைசி நாலு நாள் உங்க வீட்ல இருந்துட்டு ஃப்ளைட் ஏறிடறேன்." உங்க வீடு தாம்பரத்துல. இல்லன்னா சேலையூர், குரோம்பேட்டை, முடிச்சூர்னு ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி எங்கேயோ. உடனே நம்ம மனசுல என்ன ஓடும்? "இங்க என்னப்பா இருக்கு காட்டறதுக்கு? மெரினாவுக்கும் மகாபலிபுரத்துக்கும் ஒரு கார் பிடிச்சுடலாம்."

அந்தக் காரை இப்போதைக்கு விடுங்க. அவர் இத்தனை நாளா கோட்டையும் கடலும் கோயிலும் பார்த்துட்டுதான் வர்றார். உங்க ஊரைக் கடைசியா வெச்சது உங்களுக்காக. அதனால உங்க வீடு இருக்கிற இடத்தையே காட்டுங்க. அதுல காட்ட என்ன இருக்குன்னுதான் இந்த வீடியோல பார்க்கப் போறோம்.

முதல்ல, வந்து சேர்ற வழி. ராமேஸ்வரத்துல இருந்து தாம்பரத்துக்கு இப்ப நேரடி ரயிலே இருக்கு. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புது பாம்பன் பாலத்தைத் திறந்தப்ப தொடங்கின வண்டி. காரைக்குடி, திருவாரூர், சிதம்பரம் வழியா வரும். மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து பஸ்ல வந்தா இறங்க வேண்டிய இடம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில அந்தப் பேருந்து முனையத்தைத் திறந்தாங்க. பழைய நினைப்புல கோயம்பேடுன்னு சொல்லிடாதீங்க. கிளாம்பாக்கத்துல இருந்து தாம்பரத்துக்கு மாநகரப் பேருந்து கிடைக்கும்.

வந்த அன்னைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். நீண்ட பயணத்துல வர்ற களைப்பு ஒரு ராத்திரித் தூக்கத்துல போகாது. எங்க தங்கறது, எந்த வண்டி, என்ன விலைன்னு தினமும் முடிவெடுத்து முடிவெடுத்து வர்ற களைப்பு அது. அவருக்காக ஒரு நாள் நீங்க முடிவெடுங்க. வாஷிங் மெஷினைக் காட்டுங்க. ரசம் சாதம் போடுங்க. அம்மா கேள்வி மேல கேள்வி கேட்டா கேக்கட்டும், ஹோட்டல்ல யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டாங்க. சாயங்காலம் பக்கத்து ஏரிக்கரையில, சேலையூரோ சிட்லபாக்கமோ, ஒரு நடை போயிட்டு வந்தா போதும்.

அடுத்த நாள் காலையில எலக்ட்ரிக் ட்ரெயின். கூட்டம் குறைஞ்சதும் ஏறுங்க. 1931-லேயே மின்சாரத்துல ஓட ஆரம்பிச்ச பாதை இது, கடற்கரையில இருந்து தாம்பரம் வரைக்கும். நாம போகப்போறது பரங்கிமலை வரைக்கும்தான். மேப்பைப் பாருங்க: தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. தினமும் நாம போனைப் பார்த்துக்கிட்டே கடக்கிற ஸ்டேஷனுங்க. இந்தச் சின்னத் தூரத்துக்குள்ள எவ்வளவு பெரிய பயணங்கள் வந்து சேர்ந்திருக்குன்னு பாருங்க.

முதல் நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். அந்தப் பேருக்குக் காரணம் காசநோய் மருத்துவமனை. 1928-ல அதை ஆரம்பிச்சவர் டாக்டர் சௌரி முத்து. இவர் இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பக்கம் ஒரு காசநோய் விடுதி நடத்தினவர். 1914 மார்ச்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து 'நெவாசா'ன்னு ஒரு கப்பல் கிளம்புது. அதுல போனவர்தான் கணித மேதை ராமானுஜன். அதே கப்பல்ல சௌரி முத்துவும் இருந்தார். சில வருஷம் கழிச்சு, முதல் உலகப் போர் நடந்துக்கிட்டு இருக்கு, ராமானுஜனுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போகுது. காசநோய்னு சந்தேகப்பட்டு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடங்கள்ல ஒண்ணு இந்த டாக்டரோட விடுதி. வழியில பழக்கமான ஒரு முகம், தூர தேசத்துல, நோயில கிடக்கும்போது எதிர்ல வந்து நிக்குது. ராமானுஜன் 1919-ல ஊர் திரும்பி, 1920-ல சேத்துப்பட்டுல இறந்துட்டார், 32 வயசுல. அதுக்கப்புறம்தான் சௌரி முத்து இங்க வந்து, தாம்பரத்துல நல்ல காத்தும் மரமும் இருக்கிற இடமாப் பார்த்து மருத்துவமனையைக் கட்டறார். 1937-ல அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு. இன்னைக்கும் நுரையீரல் நோயாளிகள் எங்கெங்கிருந்தோ வர்ற இடம் அது. உள்ள போய் வேடிக்கை பார்க்கிற இடமில்ல. ரயில்ல கடக்கும்போது இந்தக் கதையைச் சொன்னாப் போதும்.

குரோம்பேட்டைக்குப் பேர் குரோம் லெதர் கம்பெனியால வந்தது, அங்க இருந்த தோல் பதனிடும் தொழிற்சாலை. அடுத்தது பல்லாவரம். வெள்ளிக்கிழமைன்னா கண்டிப்பா இறங்குங்க. பழைய டிரங்க் ரோட்ல நடக்கிற சந்தையில செடி, பழைய நாற்காலி, கழட்டின மோட்டார்னு கிடைக்காத பொருள் குறைவு. ஆனா பல்லாவரத்தோட பெரிய பொருள் சந்தையில இல்ல, எழும்பூர் மியூசியத்துல இருக்கிற ராபர்ட் புரூஸ் ஃபூட்டோட சேகரிப்புல இருக்கு. 1863 மே 30-ஆம் தேதி, நிலவியல் ஆய்வுத் துறையில வேலை பார்த்த அவர், பல்லாவரத்துல செம்மண் சரளைக் குழியில ஒரு கல்லை எடுத்தார். அது மனுஷன் செதுக்கின கைக்கோடரின்னு அவருக்குப் புரிஞ்சுது. இந்தியாவுல பழைய கற்கால மனுஷன் வாழ்ந்தான்னு சொல்ல முதல்ல கிடைச்ச ஆதாரம் அது. அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துலயும் கருவிகள் கிடைச்சுது. அங்க பின்னாடி செஞ்ச ஆய்வுகள் காலத்தை 15 லட்சம் வருஷத்துக்குக் கொண்டு போயிருக்கு. இந்திய வரலாற்றுக்கு முந்தின காலத்தைத் தேடற வேலை நம்ம பல்லாவரத்துல தொடங்கினதுன்னு நம்ம பிள்ளைங்களுக்கே யாரும் சொல்றதில்லங்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடைசியா பரங்கிமலை. ஸ்டேஷன்ல இறங்கி, படியேறி மேல போங்க. அந்தப் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான், பாரசீகத்து ஜுல்ஃபாவுல பிறந்த ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில அடையாத்து மேல 1726-ல பாலம் போட்டதும் அவர்தான். ஊர் விட்டு ஊர் வந்தவர், இங்க நடக்கிறவங்க கால் நோகக் கூடாதுன்னு காசு செலவழிச்சிருக்கார்.

மேல நின்னு தெற்குப் பக்கம் காட்டுங்க. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் இந்த மலையடிவாரத்துல இருந்து பெரும்பாக்கம் வரைக்கும் எஃகுச் சங்கிலி பிடிச்சு நிலத்தை அளக்க ஆரம்பிச்சார். ஏறக்குறைய 12 கிலோமீட்டர், ஒரே நேர்கோடு. வெயில்ல சங்கிலி நீளுமேன்னு அதுக்கும் கணக்குப் பார்த்து அளந்தாங்க. ஏன் இவ்வளவு சிரத்தை? ஒரு முக்கோணத்துல ஒரு பக்கத்தோட நீளம் சரியாத் தெரிஞ்சா, கோணத்தை மட்டும் அளந்தே மத்த ரெண்டு பக்கத்தையும் கண்டுபிடிச்சுடலாம். அந்தப் பக்கத்து மேல அடுத்த முக்கோணம், அது மேல இன்னொண்ணுன்னு நாடு முழுக்கப் போகலாம். முதல் கோட்டுல பிசகினா எல்லாமே பிசகும். இப்படிக் கோத்துக்கிட்டே போன இந்தியப் பெரும் முக்கோண அளவீடு, பல பத்து வருஷத்துக்கு அப்புறம் இமயமலை வரைக்கும் போச்சு. லாம்டன் அதைப் பார்க்கல. 1823-ல, இன்னைக்கு மகாராஷ்டிரால இருக்கிற ஹிங்கன்காட்ல, அளந்துக்கிட்டிருக்கும்போதே இறந்துட்டார். எவரெஸ்ட்டோட உயரத்தை 1856-ல அறிவிச்சது இந்த அளவீட்டோட தொடர்ச்சிதான். உங்க நண்பர் லடாக் மலையெல்லாம் பார்த்துட்டு வந்தவர். அந்த மலைகளை அளக்கப் போன கோடு கிளம்பின இடத்துல இப்ப நிக்கிறார். இதை அவர் கிட்ட சொல்லாம அனுப்பிடாதீங்க.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தா திருநீர்மலை போங்க. அடிவாரத்துல நின்ற கோலம், மலை மேல இருந்த, கிடந்த, நடந்த கோலங்கள்னு நாலு நிலையில பெருமாளைச் சேவிக்கலாம். மேல இருந்து பார்த்தா ஏர்போர்ட்ல விமானம் இறங்கறது தெரியும். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல தெரிஞ்சவங்க இருந்தா அனுமதி வாங்கி அந்தக் காட்டுக்குள்ள நடந்துட்டு வாங்க. 1937-ல காலேஜ் இங்க இடம் மாறினப்ப புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மாதிரி ஆளுங்க மரம் வெச்சு வெச்சுத்தான் இன்னைக்குப் புள்ளிமான் திரியற காடா நிக்குது.

வர்ற மாசத்தையும் யோசிச்சுச் சொல்லுங்க. ஜனவரி, பிப்ரவரி அருமையா இருக்கும். நவம்பர், டிசம்பர்ல மழை எப்படின்னு முடிச்சூர்காரங்களைக் கேளுங்க. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கின 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அந்த நேரத்துல வர்றேன்னா தேதி மாத்திக்கச் சொல்றதுல தப்பே இல்ல.

முக்கியமான ஒண்ணு. நண்பர் வெளிநாட்டுக்காரர்னா, வீட்ல தங்க வெச்சாலும் அவர் தங்கறதை நீங்க வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தணும், முன்னாடி ஃபார்ம் சி-ன்னு சொன்ன படிவம் அது. வந்த 24 மணி நேரத்துக்குள்ள, ஆன்லைன்லயே போடலாம். ஹோட்டலுக்கு மட்டும்தான் இந்த விதின்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. பாஸ்போர்ட், விசா விவரமெல்லாம் வேணும். அதனால அவர் வர்றதுக்கு முந்தியே ஆன்லைன்ல உங்க பேர்ல பதிவு பண்ணி வெச்சுக்கோங்க.

கிளம்பற நாள். தாம்பரத்துல இருந்து ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியே வேணும்னு இல்ல. நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், இறங்கி ரோட்டைத் தாண்டினா ஏர்போர்ட். ஆனா வெளிநாட்டு விமானம் பல நேரம் நடு ராத்திரிக்கு மேல. அந்த நேரம் ரயில் கிடைக்காது. ஒண்ணு சாயங்காலமே சாப்பாடு கட்டிக் கொடுத்து ரயில்ல கூட்டிட்டுப் போங்க, இல்ல வண்டி எடுங்க. எப்படிப் போனாலும் கூடவே போங்க. இத்தனை மாசமா ஒவ்வொரு ஊரையும் அவர் தனியாத்தான் விட்டுக் கிளம்பியிருப்பார்.