உப்பும் வெள்ளெலியும்

உப்பைத் தாராளமாக உண்டும் எண்பது வயது வரை நோயின்றி வாழ்ந்த பாட்டனாரைச் சுட்டிக்காட்டி, உப்பினால் இரத்த அமுக்கம் கூடுமென்பதை மறுப்போர் உளர். அவர்கள் கூற்றைப் பொய்யென்று தள்ளிவிடுதல் தகாது. அதற்குத் தக்க விடையளித்தவை சில வெள்ளெலிகளே.

ஐக்கிய அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில், லூவிஸ் டால் என்னும் மருத்துவர் எலிகளின் உணவில் 8 வீதம் கறியுப்பைக் கலந்து கொடுத்து வந்தார். மனிதன் உண்ணும் அளவினும் இது மிகப் பெரிதென்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். அவ்வெலிகளுட் சிலவற்றுக்கு அமுக்கம் கடுமையாக ஏறியது, சிலவற்றுக்கோ ஏறவேயில்லை. ஏறியவற்றை ஏறியவற்றோடும் ஏறாதவற்றை ஏறாதவற்றோடும் இனஞ்சேர்த்து வளர்த்தபோது, சில தலைமுறைகளுள் இரு வேறு குலங்கள் தோன்றின. ஒன்று உப்புக்கு இளகுவது, மற்றையது தாங்குவது. 1962ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. உப்பு மட்டுமன்று, பிறப்பும் காரணமென்பது இதனாற் புலனாயிற்று. பாட்டனார் தாங்கும் குலத்தவராயிருக்கலாம். பேரனும் அவ்வாறே என்பதற்கு உறுதி ஏது?

இவ்வேறுபாடு உடலில் எங்கே உறைகின்றது? 1970களில் டால் குழுவினர் எலிகளின் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தினர். தாங்கும் எலியின் சிறுநீரகத்தைப் பெற்ற இளகும் எலிக்கு அமுக்கம் தணிந்தது. மாறாகப் பெற்றதற்கு அமுக்கம் ஏறியது. சோடியத்தை வெளியேற்றும் பணி சிறுநீரகத்தினுடையதாதலின் இது வியப்பன்று.

பொற்றாசியத்தின் செயல் வேறு. உப்பு மிகுந்த உணவோடு பொற்றாசியம் குளோரைட்டையும் பெற்ற எலிகள் கூடுதற் காலம் உயிர்வாழ்ந்ததை 1958இல் மெனீலி, போல் ஆகியோர் கண்டனர். பழங்களிலும் காய்கறிகளிலும் இக்கனிப்பொருள் நிறைய உண்டு. ஆயினும் சிறுநீரகம் பழுதுற்றோர் மருத்துவரைக் கேளாது பொற்றாசிய உப்பை நாடுதல் ஆபத்தாகும்.

எலி வேறு, மனிதன் வேறு எனலாம். மனிதனுக்கு மிக நெருங்கிய சிம்பன்சிகள் ஆபிரிக்காவின் கபோன் நாட்டில் ஆராயப்பட்டன. முடிவு 1995இல் வெளிவந்தது. பழமும் காயும் உண்டு வந்த அவற்றுக்கு ஏறத்தாழ 20 மாதங்களில் நாளொன்றுக்கு 15 கிராம் வரை உப்பு படிப்படியாகக் கூட்டப்பட்டது. மேலமுக்கம் சராசரி 33 மில்லிமீற்றர் ஏறியது. இங்கும் எல்லாம் ஒருபடித்தாய் ஏறவில்லை. உப்பை நிறுத்திய பின், ஆறு மாதத்துள் அமுக்கம் பழைய நிலைக்குத் திரும்பியது.