மருந்தைப் பாதியாக்கிய பேச்சு!

வயிற்றில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி எது? "ரொம்ப வலிக்குமா?" என்பதுதான். "ஒன்றும் வலிக்காது, தைரியமாயிருங்கள்" என்று எல்லோரும் தட்டிக் கொடுப்பார்கள். மயக்கம் தெளிந்ததும் குட்டு வெளிப்பட்டு விடும்!

நோயாளியிடம் உண்மையையே சொல்லிவிட்டால் என்ன? அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணராயிருந்த டாக்டர் லாரன்ஸ் எக்பர்ட்டும் சகாக்களும் இதைச் சோதித்து, 1964-ல் முடிவை வெளியிட்டார்கள்.

வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டு கோஷ்டிகளாகப் பிரித்தார்கள். 51 பேரிடம் வலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மற்ற 46 பேரிடம் முதல் நாள் இரவே மயக்க டாக்டர் விவரமாகப் பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று சொன்னார். காயத்துக்கு அடியில் தசை இறுகுவதால்தான் வலி ஏறுகிறது என்று விளக்கினார். வயிற்றைத் தளர விட்டு மூச்சை ஆழமாக இழுக்கவும், கையையும் காலையும் ஊன்றிப் புரண்டு படுக்கவும் கற்றுக் கொடுத்தார். தாங்க முடியாவிட்டால் மருந்து கேட்கலாம் என்றும் சொன்னார். யார் எந்தக் கோஷ்டி என்பது ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்குத் தெரியாது.

விளைவு என்ன தெரியுமா? விவரம் தெரிந்தவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள்!

அதற்காக, மருந்தே வேண்டாமென்று பல்லைக் கடித்துக் கொண்டிருக்கக் கூடாது. வலிக்குப் பயந்து மூச்சை அடக்கினால், இருமாமலிருந்தால், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரை போகலாம். பிற்காலத்தில் வேறு வழிகளும் வந்துவிட்டன. நோயாளியே பொத்தானை அழுத்தி, அளவு மீறாமல் மருந்து ஏற்றிக் கொள்ளும் கருவி உண்டு. வயிற்றுச் சுவரின் நரம்புகளுக்கு அருகே ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வதும் உண்டு.

ஆகவே, உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஆபரேஷன் என்றால், முதல் நாளே மயக்க டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எங்கே வலிக்கும்? எத்தனை நாள்? அதற்கு என்ன செய்வீர்கள்?

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போங்கள். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யை மட்டும் வீட்டிலேயே வைத்து விட்டுப் போங்கள்!