முதலில் குதிரை, பிறகு பிக்கப்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைப்பது பழகிப்போன ஒன்று. மலையடிவாரத்து மகாராஜபுரத்திலோ பக்கத்து வத்திராயிருப்பிலோ அப்படியொரு மேடையில் வாசிக்க ஆசைப்படும் இளைஞர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனால், முதலில் விசாரிப்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைத்தான்: எந்தக் கம்பெனி, சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா, கழுத்துப் பக்கத்து ஒலி எப்படி? பிரிட்ஜ் பற்றிய பேச்சு கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. மேற்கத்திய ராக் இசைக்கு அந்த வரிசை பொருந்தலாம். ஆனால் நம் ஊரில் கிட்டாரைக் கையில் எடுப்பவர் சினிமாப் பாட்டு வாசித்தாலும் கீர்த்தனை வாசித்தாலும், இன்றோ நாளையோ கமகத்துக்கு (சுரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிப்பதற்கு) வந்தே தீருவார். கமகம் பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிரிட்ஜ்தான்.

பிரிட்ஜ் என்பது வீணையில் குதிரை செய்யும் வேலையைச் செய்வது. தந்திகள் உடலின் மேல் வந்து அமரும் இடம். எலெக்ட்ரிக் கிட்டாரில் அது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மரத்தோடு இறுக்கித் திருகப்பட்டு அசையாமல் நிற்பது. 1950-ல் வந்த ஃபெண்டர் பிராட்காஸ்டரில் (பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது) இருப்பது இந்த வகை. கிப்ஸன் லெஸ் பாலின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜும் இதில் சேரும். மற்றொன்று, 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு பரவலான டிரெமோலோ. அதில் ஒரு கம்பியை அழுத்தினால் பிரிட்ஜ் சாய்ந்து எல்லாத் தந்திகளின் சுருதியும் ஒன்றாக இறங்கும். 1970-களின் பிற்பகுதியில் ஃப்ளாயிட் ரோஸ் இதையே தந்திகளை இரு முனையிலும் பூட்டும் வகையாக வளர்த்தார். கடையில் டிரெமோலோ இருக்கும் கிட்டார்தான் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அந்தக் கம்பியை ஆட்டிப் பார்க்காத வாலிபர் யார்?

ஆனால் உடலில் படியாமல் மிதக்கும் டிரெமோலோ ஒரு தராசு மாதிரி. முன்பக்கம் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையோடு இழுக்கின்றன. முதுகுப்பக்கக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை சுருதி நிற்கும். இப்போது ஒரு தந்தியை மெட்டின் (ஃப்ரெட்) மேல் பக்கவாட்டில் இழுத்து ஒரு முழுச் சுரம் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். சுருதி ஏறுவது இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் ஒரு முழுச் சுரத்துக்கு அந்தத் தந்தியின் இழுவிசை சுமார் கால் பங்கு கூட வேண்டும். இரண்டு முழுச் சுரம் என்றால் ஏறக்குறைய அறுபது சதவீதம். அந்தக் கூடுதல் விசை தராசைச் சாய்க்கிறது, பிரிட்ஜ் முன்னால் குனிகிறது, இழுக்காத ஐந்து தந்திகளும் சுருதி இறங்குகின்றன. இழுத்த தந்தியும் எண்ணிய சுரத்தை எட்ட இன்னும் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது. மேற்கத்திய சோலோவில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு தந்திதான் ஒலிக்கும், மற்றவற்றைக் கை அடக்கி வைத்திருக்கும். அங்கே இந்தக் குறை காதுக்கு எட்டாது. நமக்கு அப்படியில்லை. தந்திகளை ச, ப, ச என்று சேர்த்து, ஒரு தந்தியில் காந்தாரத்தை அசைத்துக்கொண்டே பக்கத்தில் ஷட்ஜத்தை ஒலிக்கவிடுவது நம் வாசிப்பின் உயிர். வீணையின் மூன்று தாளத் தந்திகளும் அதற்காகத்தான் இருக்கின்றன. காந்தாரம் அசையும் ஒவ்வொரு முறையும் ஷட்ஜமும் கீழே தொங்கினால் அது கமகமே அல்ல, அபசுருதி.

வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து நாலைந்து சுரங்கள்வரை போக முடிகிறது என்றால், அதன் குதிரை அசையாமல் நிற்பதும் ஒரு காரணம். இதை நன்றாக உணர்ந்த மேற்கத்தியக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர் அவர். எல். சங்கர், ஜாகிர் ஹுசேன், டி.எச். விக்கு விநாயக்ராமுடன் 1970-களில் ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது அவருக்கென்று ஒரு தனிக் கிட்டார் செய்யப்பட்டது. கமகத்துக்காக அதில் மாற்றியது விரல்பலகையை: தந்தியை ஆழமாக வளைக்க வசதியாக மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்தார்கள். பிரிட்ஜ் அக்குஸ்டிக் கிட்டாரின் அசையாத பிரிட்ஜ்தான். நம் பக்கத்தில், தந்தி இசைக்கருவியின் மின்வடிவத்தைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்தியவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கினார், ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். கமகத்தைத் தேடி அவர் கைவைத்தது தந்திகளில்தான். ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்து, பெர்க்லியில் இசை பயின்ற கிட்டார் பிரசன்னாவின் வாசிப்பிலும் ஜாருவும் (வழுக்கல்) அசைவும் இடது கை விரல்களிலிருந்துதான் பிறக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக். டிரெமோலோ கம்பியை வலது கையிலேயே வைத்துக்கொண்டு, மனிதக்குரல் போலவே சுரங்களை வளைத்தவர். அப்படியானால் டிரெமோலோவே கமகக் கருவியாகலாமே? ஆகலாம், ஒற்றை வரி மெல்லிசைக்கு. பாடகர் குரலைக் கிட்டாரில் திருப்பி வாசிக்க விரும்பும் ஆர்க்கெஸ்ட்ரா கலைஞருக்கு அந்த வழி அழகாகவே பலன் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பி எல்லாத் தந்திகளையும் ஒன்றாகத்தான் அசைக்கும். பக்கத்துத் தந்தியில் ஷட்ஜம் நிற்க வழியே இல்லை. திறந்தவெளி மேடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாட்டின் நடுவில் ஒரு தந்தி அறுந்தால் ஸ்பிரிங்குகளின் கை ஓங்கும். மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும், அந்தப் பாட்டை முடிக்கவே முடியாது. அசையாத பிரிட்ஜில் ஐந்து தந்திகளோடு சமாளித்துவிடலாம்.

‘கிட்டாரின் குரலே பிக்கப்தானே, அதை இரண்டாவதாகத் தள்ளலாமா?’ என்று கேட்பார்கள். பிக்கப்பை இரண்டு திருகு, கொஞ்சம் ஈயப்பற்று வைத்துப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். டிரெமோலோவுக்காக மரத்தில் குடைந்த குழியை யாரும் எளிதில் மூட முடியாது. மாற்ற முடியாததை முதலில் தீர்மானிப்பதுதான் முறை. அதற்குப் பிறகு நெக் பிக்கப்பைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம், அதுவும் முக்கியமானதுதான். கழுத்துப் பக்கத்தில் தந்தி அகலமாக அதிர்கிறது. அடிப்படைச் சுரம் ஓங்கி, மேலோசைகள் குறைந்து, ஒலி உருண்டு திரண்டு வரும். வீணைக்கு நெருங்கிய குரல் வேண்டுபவருக்கு அதுதான் இடம். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் கீறலாக, கூர்மையாக இருக்கும். 24 மெட்டுள்ள கிட்டாரில் நெக் பிக்கப் சற்றுப் பின்னால் தள்ளிப்போவதால் அந்த உருண்டைத்தன்மை கொஞ்சம் குறையும். 21 அல்லது 22 மெட்டே நமக்குப் போதும்.

இங்கும் கமகம் ஒரு நிபந்தனை வைக்கிறது. பிக்கப்புக்குள் இருப்பது காந்தம்; தந்தி எஃகு. சிங்கிள் காயிலின் காந்தத்துண்டுகளைத் தந்திக்கு மிக அருகே உயர்த்தினால், அவை தந்தியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கலக்கும், கார்வையையும் சுருக்கும். தந்தி அகலமாக அதிரும் கழுத்துப் பக்கத்தில்தான் இந்தத் தொல்லை அதிகம். சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பை மேலே ஏற்றுவது பலருடைய பழக்கம், வேண்டாம். கடைசி மெட்டை அழுத்திப் பிடித்தபோது தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். சத்தத்தை ஆம்ப்பில் கூட்டிக்கொள்ளலாம்.

இரைச்சல் விஷயத்தில் மேடையே முடிவு சொல்லிவிடுகிறது. சீரியல் செட், டியூப்லைட், ஜெனரேட்டர் சூழ்ந்த திருவிழா மேடையில் சிங்கிள் காயில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலை வாங்கிக்கொள்ளும். அந்த முனகலும் ஒரு நிலையான சுரம்தான், நம் சுருதியோடு சேராத சுரம். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களால் இரைச்சலை அழிக்கும் ஹம்பக்கரை கிப்ஸனின் சேத் லவர் 1955-ல் உருவாக்கியது இதற்காகவே. ஆனால் கனமான ஹம்பக்கரைக் கழுத்துப் பக்கத்தில் வைத்து, பெரிய பாக்ஸ்களில் பாஸைத் தூக்கி வைத்தால் ஒலி குழம்பிச் சேறாகும். நுண்ணிய அசைவுகள் காணாமல் போகும். ஆகவே என் தேர்வு, அளவான வெளியீடு உள்ள ஹம்பக்கர், அல்லது இரண்டு காயில்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி சிங்கிள் காயில் அளவிலேயே செய்த இரைச்சலற்ற பிக்கப்.

ஏற்கெனவே டிரெமோலோ கிட்டார் வாங்கிவிட்டவர் அதை விற்க வேண்டியதில்லை. முதுகுப்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் பிடியின் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படியுமாறு செய்யலாம். அது போதாவிட்டால், குழியில் பிரிட்ஜின் அடிக்கட்டைக்குப் பின்னால் ஒரு மரத்துண்டைச் செருகிப் பூட்டிவிடலாம். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் செய்துகொண்டது இதைத்தான். பூட்டியபின் டியூனரைப் பொருத்தி, ஒரு தந்தியை இரண்டு சுரம் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்துத் தந்தியை மீட்டிப் பாருங்கள். முள் இடம் மாறினால் மரத்துண்டு இன்னும் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம்.