அந்த வரியில் இந்திய நேரம் கூடாது

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியபோது, நாட்டுக்கெல்லாம் பொதுவான நேரம் என்று ஒன்று கிடையாது. பம்பாய்க் கடிகாரத்துக்கும் கல்கத்தாக் கடிகாரத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். தண்டவாளங்கள் நீண்டு ஊர்கள் இணைந்ததும் அட்டவணை போடுவதே பெரும்பாடாயிற்று. கடைசியில் இரண்டுக்கும் இடைப்பட்ட மெட்ராஸ் நேரத்தை, அதாவது நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த நேரத்தை, ரயில்வே எடுத்துக்கொண்டது. அது கிரீன்விச்சுக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது. இன்றைய ஐந்தரை மணிக் கணக்கு 1906 ஜனவரி 1 முதல்தான்.

ஊருக்கு ஊர் கடிகாரம் மாறும் இந்தச் சிக்கல் இணையத்துக்கும் வந்தது. கைப்பேசி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, திரையில் தெரியாத சில வரிகளும் போய்வருகின்றன. ஹெடர் என்பது அவற்றின் பெயர். பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்பதை சர்வர் அதில் எழுதி அனுப்பும். அடுத்த முறை கைப்பேசி அதே நேரத்தைச் சொல்லி, 'இதற்குப் பிறகு ஏதும் மாறியதா?' என்று கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற பதில் மட்டும் வரும். ஏற்கெனவே சேமித்த பிரதியே திரையில் தெரியும். அலைவரிசை மெலிந்த கடலோரத்தில் இது பெரிய உதவி.

அந்தத் தேதியைப் புதிதாக எழுத வடிவம் ஒன்றுதான்: சன், 06 நவ் 1994 08:49:37 ஜிஎம்டி. கிழமையும் மாதமும் எப்போதும் ஆங்கிலச் சுருக்கத்தில், நேரம் எப்போதும் கிரீன்விச்சில். கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் ஹெடரில் 'ஞாயிறு' என்று நிரல் எழுதிவிட்டால், அந்தத் தேதியை எதிர்முனை படிக்காது. இன்னும் இரண்டு பழைய வடிவங்கள் உண்டு. அவற்றைப் படித்துக்கொள்ள வேண்டும், புதிதாக எழுதக் கூடாது. அவற்றில் ஒன்று ஆண்டை இரண்டே இலக்கத்தில் தரும். அப்படிப் படித்த ஆண்டு 50 ஆண்டுகளுக்கு மேல் எதிர்காலத்தில் விழுந்தால், அதைக் கடந்த நூற்றாண்டாகக் கொள்ள வேண்டும் என்பது விதி.

நம் ஊர் நிரலாளர் வழுக்கி விழும் இடம் வேறு. இந்திய நேரத்தை எழுதி, பக்கத்தில் 'ஜிஎம்டி' என்று ஒட்டிவிடுவது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் 1ஆம் எண் புயல் கூண்டைச் சொல்லும் ஒரு பக்கம் பிற்பகல் 2 மணிக்கு வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான ஹெடர் 08:30. தவறான நிரல் 14:00 என்று எழுதுகிறது. மாலை 5 மணிக்குக் கூண்டு 3ஆம் எண்ணுக்கு மாறி, பக்கமும் திருத்தப்படுகிறது. கிரீன்விச்சில் அது 11:30. காசிமேட்டில் விசைப்படகுக்காரரின் கைப்பேசி '14:00க்குப் பிறகு மாறியதா?' என்று கேட்கிறது. சர்வர் ஒப்பிட்டுப் பார்ப்பதோ பக்கம் உண்மையில் மாறிய 11:30ஐ. அது 14:00க்கு முந்தியது அல்லவா? சர்வர் 304 என்கிறது. அவர் பார்ப்பது 1ஆம் எண் கூண்டுதான். இரவு 7:30க்குப் பிறகு யாராவது அந்தப் பக்கத்தை மறுபடி திருத்தினால் ஒழிய, அந்தக் கைப்பேசி கேட்கும்போதெல்லாம் இதே பதில்தான்.

இதைத் தடுக்க விதியிலேயே இடம் உண்டு. மாறிய நேரம் பதில் அனுப்பும் நேரத்தைத் தாண்டியிருந்தால், அனுப்பும் நேரத்தையே சர்வர் எழுத வேண்டும். சில சர்வர்கள் முன்பின் பார்ப்பதே இல்லை. இரண்டு நேரமும் நொடி பிசகாமல் ஒன்றாக இருந்தால் மட்டுமே 304 சொல்கின்றன. கடலோர எச்சரிக்கைப் பக்கங்களை நடத்துவோர் தங்கள் சர்வர் எந்த வகை என்பதை மழைக்காலத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டும்.