வரம்பு விதித்தும் பதிவேற்ற வேகம் குறையாதது ஏன்?

ஒரு கணினியின் பதிவேற்ற வேகத்திற்கு, லினக்ஸில் இயங்கும் ரவுட்டரில் வரம்பு விதித்த பின்னரும், அது முழு வேகத்தில் தரவை அனுப்புவது எப்படி?

192.168.1.10 போன்ற உள்முகவரியுடன் ரவுட்டருக்குள் நுழையும் தரவுப் பொட்டலம், வெளியேறுவதற்குச் சற்று முன்னர், வீடு முழுவதற்கும் பொதுவான வெளிமுகவரியைப் பெறுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வரிசையோ அதற்கும் பின்னால், இணையத்தை நோக்கிய இடைமுகத்தில், அதாவது ரவுட்டரின் வெளிவாயிலில், அமைந்திருப்பதால், உள்முகவரியைத் தேடும் விதிக்கு எதுவும் பொருந்துவதில்லை. அலுவலகக் கடிதங்கள் அனைத்திலும் ஒரே அனுப்புநர் முகவரி எழுதப்பட்ட பிறகு, எது எந்தப் பிரிவின் கடிதம் என்பதை வாயிற்காவலர் எவ்வாறு அறிவார்?

முகவரி மாறுவதற்கு முன்பே குறியிடுவதே தீர்வு. தீச்சுவர் எனப்படும் ஃபயர்வால், பொட்டலத்தை ஓர் இடைமுகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் கட்டத்தில் அதற்கு ஓர் எண்ணைக் குறியாக இட, வரிசை அந்த எண்ணைக் கொண்டு அதை இனங்காண்கிறது; இக்குறி ரவுட்டரை விட்டு வெளியே செல்வதில்லை.

பிழையைத் தேடுவோர் விதிகளைத் திருத்துவதற்கு முன், பொட்டலங்களைக் கணக்கிடும் எண்ணிகளைப் பார்ப்பதே நன்று. குறியிடும் விதியின் எண்ணி பூச்சியத்திலேயே நின்றால் பிழை தீச்சுவரில் உள்ளது. அது ஏறியும் வரிசையின் எண்ணி அசையாவிட்டால், குறியை வரிசையுடன் இணைக்கும் வடிகட்டியை ஆராய வேண்டும்.

பதிவிறக்கத்திற்கு வரிசை வீட்டை நோக்கிய இடைமுகத்தில் அமைய வேண்டும். ஏனெனில், ரவுட்டரால், தான் வெளியே அனுப்புவதையே வரிசையில் நிறுத்தித் தாமதப்படுத்த இயலும்.