மலையேறிய மீன்கள்

மீன் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கடலும் வலையும் கட்டுமரமும்தான். ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்குத் தூண்டிலும் மண்புழுவும் நினைவுக்கு வரலாம். முதுகில் 15 கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு, 11,000 அடி உயரத்திற்கு நடந்தே ஏறி, ஒரு சாண் நீளமுள்ள மீனைப் பிடித்து, ஒரு கணம் அதன் அழகைப் பார்த்துவிட்டு, மீண்டும் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்புகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

இருக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், கலிபோர்னியா மாநிலத்தின் முதுகெலும்பைப் போல் ஏறத்தாழ 400 மைல் நீளத்திற்கு எழுந்து நிற்கிறது சியரா நெவாடா மலைத்தொடர். கோடை வந்துவிட்டால் இத்தகைய மனிதர்கள் அந்த மலையை நோக்கிப் புறப்பட்டு விடுகின்றனர். 'வேலையற்ற வேலை' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ஒரே வார்த்தையில் தள்ளிவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். அந்த மீன் அந்த ஏரிக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியங்களைப் பற்றி நாம் அனைவரும் அறிய வேண்டிய பாடம் ஒன்று அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஏரியை நோக்கி

நீங்களே அங்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் லோன் பைன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து மலைச்சாலை ஒன்று வளைந்து வளைந்து ஏறி, ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் உள்ள ஹார்ஸ்ஷூ புல்வெளியில் முடிகிறது. அதற்குமேல் வாகனம் செல்லாது, கால்தான் வாகனம். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். பழக்கமில்லாதவருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். அதனால் அறிந்தவர்கள் முதல் இரவை அங்கேயே கழித்து, உடலைப் பழக்கிக்கொண்டு மறுநாள்தான் நடக்கத் தொடங்குவர்.

முதுகுப்பையில் கூடாரம், உறங்கும் பை, சிறிய அடுப்பு, உலர்ந்த உணவு, தண்ணீரை வடிகட்டும் கருவி ஆகியவை இருக்கும். பல இடங்களில் கரடி திறக்க முடியாத கெட்டியான உணவுப் பெட்டியும் கட்டாயம். இவற்றுக்கிடையே, நான்கு துண்டுகளாகக் கழற்றி அடுக்கிய மெல்லிய தூண்டில் கோலும் இருக்கும். ஒரு பகல் நடந்தால் காட்டன்வுட் ஏரிகளை அடையலாம். இன்னும் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ஏரிகளுக்கு இரண்டு மூன்று நாள் நடை வேண்டும். பனி உருகி ஏரிகள் கண் திறப்பதற்கே ஜூன், ஜூலை ஆகிவிடும். அக்டோபரில் மீண்டும் பனி விழத் தொடங்கும். இடையில் கிடைக்கும் சில மாதங்களே பயணத்துக்கு ஏற்ற காலம். அப்போதும் பிற்பகலில் திடீரென்று இடியும் மின்னலும் இறங்குவதுண்டு.

இறகால் ஒரு பூச்சி

அங்கே மண்புழுவுக்கு வேலையில்லை. தூண்டில் முள்ளின்மீது பறவை இறகையும் விலங்கு மயிரையும் நூலால் சுற்றி, நீரில் மிதக்கும் சிறு பூச்சியைப் போலவே ஒன்றைக் கட்டுகின்றனர். 'ஃப்ளை' என்று அதற்குப் பெயர். கடுகளவே கனமுள்ள இப்பொய்ப்பூச்சியை எப்படித் தூர எறிவது? சாதாரணத் தூண்டிலில் முனையில் உள்ள எடை நூலை இழுத்துச் செல்கிறது. இங்கோ நூலே தடிப்பாகவும் கனமாகவும் செய்யப்பட்டிருக்கிறது. கோலைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசும்போது அந்த நூல் காற்றில் வளையமாக விரிந்து, முனையில் உள்ள பூச்சியை ஓசையின்றி நீர்மேல் கொண்டுபோய் வைக்கிறது. நூலுக்கும் பூச்சிக்கும் நடுவே, மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நைலான் இழை ஒன்றையும் கட்டியிருப்பர்.

ஏரி நீர் பளிங்குபோல் தெளிந்தது. நீங்கள் மீனைப் பார்ப்பதற்குள் மீன் உங்களைப் பார்த்துவிடும். ஆகவே குனிந்து, நிழல் நீரில் விழாமல் நெருங்க வேண்டும். மாலையில் காற்று அடங்கியதும் பூச்சிகள் நீரிலிருந்து வெளிப்படுகின்றன. அவற்றைப் பிடிக்க மீன்கள் மேலே வருவதால் நீர்ப்பரப்பில் வட்டம் வட்டமாக அலை எழுகிறது. அந்த வட்டத்துக்கு அருகே பொய்ப்பூச்சியை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அகப்படுவது பெரும்பாலும் ட்ரவுட் இனத்து மீன்தான். அவற்றுள் அழகில் சிறந்தது தங்க ட்ரவுட். பொன்னிறப் பக்கங்கள், சிவந்த வயிறு, விலாவில் வரிசையாகக் கரும் புள்ளிகள்! 1947-இல் கலிபோர்னியா இதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

அந்த அமைதியையும் பொறுமையையும் நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நகரத்து இரைச்சலில் வாழும் மனிதனுக்கு அது மருந்துதான். ஆனால் கதை இங்கே முடியவில்லை, இனிமேல்தான் தொடங்குகிறது.

காப்பிப் பாத்திரத்தில் ஒரு பயணம்

எவ்வளவு தொலைவிலும் மனிதக் கை படாத இடம் என்று எண்ணித்தானே நீங்கள் அந்த ஏரிக்கரையில் நின்றீர்கள்? அந்த மீனே மனிதன் கொண்டுவந்து விட்டதுதான்!

பனியாறுகள் மலையைக் குடைந்து இவ்வேரிகளை உண்டாக்கின. பனி உருகியபோது, கீழிருந்து வரும் மீன்களுக்கு அருவிகளும் செங்குத்துப் பாறைகளும் தடையாக நின்றன. ஆகவே சியராவில் ஏறத்தாழ 6,000 அடிக்கு மேலுள்ள ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மீன் இல்லாதவையாகவே இருந்தன. தங்க ட்ரவுட்டின் பிறந்தகம் கெர்ன் ஆற்றின் தெற்குக் கிளையும் அதனை ஒட்டிய சில ஓடைகளும் மட்டுமே.

1876-இல் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் முல்க்கி ஓடையில் பிடித்த பன்னிரண்டு பதின்மூன்று தங்க மீன்களைக் காப்பிப் பாத்திரத்தில் இட்டு, மலைமுகட்டைத் தாண்டிக் காட்டன்வுட் ஓடையில் கொண்டுபோய் விட்டனர். 1891-இல் அவற்றின் வழிவந்த மீன்கள் மேலே இருந்த காட்டன்வுட் ஏரிகளுக்கு ஏற்றப்பட்டன. அங்கிருந்து அவை வேறு பல ஏரிகளுக்கும் பரவின. தொலைவிலிருந்து வந்த புரூக் ட்ரவுட், வானவில் ட்ரவுட் போன்ற இனங்களும் சேர்ந்துகொண்டன. தகரக் கலங்களில் மீன்குஞ்சுகளை நிரப்பிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானங்களே தாழப் பறந்து, குஞ்சுகளைத் தண்ணீரோடு ஏரிகளில் கொட்டின.

இதைச் செய்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. வெறுமையாகக் கிடக்கும் ஏரியில் மீன் இருந்தால் வழிப்போக்கனுக்கு உணவாகும். மலைக்கு வருபவனுக்கு மகிழ்ச்சியாகும் என்று எண்ணினார்கள். அவர்களுடைய கணக்கில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. ஏரி வெறுமையாக இருக்கவில்லை.

குடியிருந்தவர் யார்?

அங்கே மஞ்சள் கால் தவளை குடியிருந்தது. மூன்று அங்குலமே நீளமுள்ள எளிய உயிர். கடுங்குளிரில் வாழ்வதால் அதன் தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். அத்தனைக் குளிர்காலத்தையும் அது நீருக்குள்ளேயே கழித்தாக வேண்டும். ஆகவே அடிவரை உறைந்து போகாத ஆழமான ஏரி அதற்குத் தேவை. ட்ரவுட் உயிர்வாழத் தேவையானதும் அதே ஆழமான ஏரிதான். ஓடி ஒளிய இடமில்லாத தலைப்பிரட்டைகளை மீன்கள் ஆண்டு முழுவதும் தின்று தீர்த்தன.

யோசெமிட்டி பகுதியின் விலங்குகளை ஆராய்ந்து ஜோசப் கிரினெல், டிரேசி ஸ்டோரர் ஆகிய இருவரும் 1924-இல் நூல் ஒன்றை வெளியிட்டனர். மலை ஏரிகளில் மிகுதியாகக் காணப்பட்ட தவளை இதுவே என்று அவர்கள் பதிவு செய்தனர். மீன் புகுந்த ஏரியில் தவளை குறைந்து மறைவதையும் அப்போதே கண்டு எழுதினர். ஆனால் எழுதியதைக் கேட்பார் இல்லை. அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் மீன்விதைப்பு தொடர்ந்தது. இன்று அத்தவளை முன்பு வாழ்ந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதனைக் காண முடியவில்லை. 2014-இல் அமெரிக்க மத்திய அரசு அதனை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

இழப்பு தவளையோடு நிற்கவில்லை. தவளையை உண்டு வாழ்ந்த மலைப்பாம்பினம் ஒன்று (நம் ஊர் மலைப்பாம்பு அன்று, சிறிய பாம்பு) குறைந்தது. நீரிலிருந்து வெளிவரும் பூச்சிகளை மீன்களே தின்றுவிட்டதால், அவற்றைத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டி வந்த சிறு குருவியினம் ஒன்றும் மீனுள்ள ஏரிகளை நாடி வருவதைக் குறைத்துக்கொண்டது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் பாய் முழுவதும் பிரியத் தொடங்கும் அல்லவா?

வேடிக்கை என்னவென்றால், தங்க ட்ரவுட்டுக்கும் தன் பிறந்தகத்தில் நிம்மதி இல்லை. அங்கே மனிதர் கொண்டுவந்து விட்ட பழுப்பு ட்ரவுட் அதனைத் தின்கிறது. வானவில் ட்ரவுட் அதனோடு கலந்து அதன் இனத்தூய்மையைக் குலைக்கிறது. ஓரிடத்தில் ஆக்கிரமித்த உயிர் இன்னோரிடத்தில் ஆக்கிரமிக்கப்பட்ட உயிராக நிற்கிறது. குற்றம் மீனுடையதா?

தவற்றைத் திருத்தும் கைகள்

செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் 1988-லும் யோசெமிட்டியில் 1991-லும் மீன்விதைப்பு நிறுத்தப்பட்டது. நிறுத்தினால் மட்டும் போதவில்லை. பல ஏரிகளில் மீன்கள் தாமே பெருகிக்கொண்டிருந்தன. கிங்ஸ் கேன்யனில் உள்ள சிக்ஸ்டி லேக் பள்ளத்தாக்கில் 1996 முதல் வான்ஸ் விரேடன்பர்க் என்னும் ஆய்வாளர் சில ஏரிகளிலிருந்து வலை போட்டு மீன்களை அகற்றினார். மூன்றே ஆண்டுகளில் அங்கே தவளைகள் முன்போல் பெருகின! அவருடைய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் என்னும் பூஞ்சை நோய் அதே பள்ளத்தாக்கிலும் புகுந்தது. அது தவளையின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் கெடுத்து உயிரைப் பறிக்கிறது. மீண்டெழுந்த கூட்டங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன.

எனினும் ஆய்வாளர்கள் சோர்ந்துவிடவில்லை. யோசெமிட்டியில் நோய்க்குத் தப்பிய சில கூட்டங்கள் நோயைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தன. ரோலண்ட் நாப் என்பவரின் குழுவினர் 2006 முதல் அத்தவளைகளை எடுத்துச் சென்று, தவளையற்றுப் போன ஏரிகளில் குடியமர்த்தினர். அவற்றுள் பல இடங்களில் அவை நிலைத்து இனம் பெருக்கியதை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. பன்னிரண்டு மீன்களை மலையேற்றியது சில நாள் வேலை. அதன் விளைவைத் திருத்துவதற்கோ ஒரு மனிதனின் உழைக்கும் காலம் முழுவதும் வேண்டியிருக்கிறது!

மீன் பிடிப்போரின் மகிழ்ச்சி இதனால் பறிபோய்விட்டதா? இல்லை. தேர்ந்தெடுத்த சில ஏரிகளிலிருந்து மட்டுமே மீன்கள் அகற்றப்படுகின்றன. பெரும்பாலான ஏரிகளில் அவை இன்னும் நீந்திக்கொண்டிருக்கின்றன. இருந்தும் சிலருக்கு வருத்தம் உண்டு. தந்தை தன் மகனுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்த ஏரியில் இனி மீன் இல்லை என்றால் மனம் வலிக்கத்தானே செய்யும்? அந்த வலியும் உண்மையானதே. ஆனால் அந்தத் தந்தைக்கு முன்பே அவ்வேரியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உயிருக்கும் ஓர் உரிமை உண்டல்லவா?

நமக்கு என்ன?

இது ஏதோ தூரதேசத்துச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட அதே வானவில் ட்ரவுட்டை ஆங்கிலேயர் நம் நீலகிரிக்கும் கொண்டுவந்தனர். உதகைக்கு அப்பால் அவலாஞ்சியில் அமைந்த மீன்குஞ்சுப் பண்ணை அந்த வரலாற்றின் சாட்சி. ஒரு குளிர்ந்த ஓடையைக் கண்டதும் 'இதில் இன்னது இல்லையே' என்று எண்ணுவது எந்த நாட்டு மனிதனுக்கும் உள்ள இயல்புதான் போலும்.

அன்பு வாசகர்களே! தீய எண்ணத்தால் விளையும் கேட்டை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். நல்ல எண்ணத்தால் விளையும் கேடு நூறாண்டுகள்கூட நம் கண்ணில் படுவதில்லை. வீட்டிலோ ஊரிலோ நன்மை என்று எண்ணி ஒன்றைப் புகுத்தப் புறப்படும்போது, 'இங்கே என்ன குறைகிறது?' என்று மட்டும் கேட்டு நின்றுவிடுகிறோம். 'இங்கே ஏற்கெனவே குடியிருப்பது யார்?' என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் காப்பிப் பாத்திரத்தை ஏந்திச் சென்றவர்களுள் ஒருவராவது ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்து பார்த்திருந்தால், தம் காலடி ஓசை கேட்டு நீரில் ஒவ்வொன்றாகத் துள்ளிக் குதித்த தவளைகளைக் கண்டிருப்பார்.